கோர்ட் கலையும் வரை

பயப்படுவதில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. பூட்டிய கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்க பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் மாடிக்கு மாடி தாவிக் கேபிள் ஒயர் இழுத்த காலத்தில், எங்காவது தென்னை மட்டை விழுந்தால்கூட அவர்தான் விழுந்துவிட்டார் என்று வாசலுக்கு ஓடுவேன். "நீ பயந்ததுல எது நடந்திருக்கு, சொல்லு பாப்போம்" என்று சிரிப்பார். ஒன்று நடந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பயத்தைச் சொல்ல அல்ல. எதிர்வீட்டு அண்ணனுக்கு நன்றி சொல்ல. நேரில் சொல்லப் போனால், "போ பிள்ள, அடுப்புல என்ன கெடக்குன்னு பாரு" என்று பேச்சை முடித்துவிடுவார்.

நான் படித்தது எட்டாவது வரை. தேவதானத்திலிருந்து சேத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் வயலுக்கு ஆள் வேண்டியிருந்தது. பையைப் பரணில் போட்டதோடு படிப்பு முடிந்தது. அதனால் சட்டம், உரிமை என்பதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் வந்து சேரவில்லை, பயமாகத்தான் வந்து சேர்ந்தன.

எண்பதுகளின் நடுவில் கல்யாணமாகி ராஜபாளையம் வந்தேன். அவருக்கு ரேடியோ ரிப்பேர் கடை. பேருக்குத்தான் ரிப்பேர். நடந்தது முழுக்கப் பாட்டுப் பதிவு. ஒரு இசைத்தட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் காலிக் கேசட்டில் ஏற்றிக் கொடுப்பார். மில்லுக்குப் போகிறவர்கள் போகும்போது கேசட்டைக் கொடுத்துவிட்டு, ஷிப்ட் முடிந்து வரும்போது வாங்கிக்கொள்வார்கள். நான் ஒரு நாள் கேட்டேன், பாடினவர்களுக்கும் மெட்டுப் போட்டவர்களுக்கும் இதில் ஏதாவது போகுமா என்று. "அவியளுக்கு என்ன கொறச்சல்?" என்றார். குறைச்சல் இல்லாதவர் வீட்டிலிருந்து எடுத்தால் அது எடுத்தது ஆகாதா என்று கேட்க வாய் வரை வந்தது. புதுப் பெண், விழுங்கிவிட்டேன். ஒன்று சொல்ல வேண்டும், அவர் கள்ள மனசோடு செய்யவில்லை. கடை வாசலிலேயே போர்டு தொங்கும், இங்கு பாடல்கள் பதிவு செய்து தரப்படும் என்று. திருடுகிறவன் போர்டு வைப்பானா என்பது அவருடைய நியாயம். ஊரில் எல்லாக் கடையிலும் அதே போர்டு தொங்கியது.

அப்புறம் வீடியோ கேசட் போட்டுப் படம் காட்டுகிற டெக் வந்தது. டிவியும் டெக்கும் தலையில் சுமந்து கல்யாண வீட்டுக்கும் கோவில் கொடைக்கும் வாடகைக்குப் போய் வந்தார். அதற்கும் அப்புறம், தொண்ணூறுகள் பிறந்ததும், கேபிள்.

எங்கள் வீட்டு முன்னறைதான் கன்ட்ரோல் ரூம். புதுப்படக் கேசட் மதுரையிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வரும். அவர் ஒயர் பார்க்கப் போய்விடுவார். கேசட்டைப் போடுகிறது, எடுக்கிறது எல்லாம் நான். தெருப் பெண்களுக்கு அது ரொம்ப வசதியாகிவிட்டது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டு ஜன்னல் கம்பியில் கரண்டி தட்டும் சத்தம் கேட்கும். "பிள்ள, செத்த நேரம் நிறுத்து. பால் பொங்குது" என்பார் மதினி. நிறுத்துவேன். எங்கள் வீட்டுச் சொந்தக்கார அம்மா தெலுங்கு பேசுகிறவர். அவர் மாடியிலிருந்து "ஆகம்மா, ஆகு" என்பார், விருந்தாள் வந்திருக்கும். மறுபடியும் நிறுத்துவேன். கதாநாயகன் ஒரு காலைத் தூக்கியபடி அந்தரத்தில் நிற்பான். பால் அடங்குகிறவரை, விருந்தாள் செருப்பைக் கழற்றி உள்ளே வருகிறவரை, அத்தனை தெருவும் அவன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். டேப் தேய்ந்துவிடும் என்று வீட்டுக்காரர் என்னைத் திட்டுவார். பால் பொங்கினால் பரவாயில்லையா என்று நான் கேட்பேன்.

கரண்டி தட்டும் அந்த மதினியின் வீட்டுக்காரர்தான் நான் சொல்ல வந்த அண்ணன். ஊரில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டர், மேலே மெஷின் ரூமில் நின்று படம் ஓட்டுகிறவர். அவர் அங்கே ஓட்டிக்கொண்டிருக்கும் அதே படத்தை மதினி இங்கே எங்கள் கேபிளில் பார்த்துக்கொண்டிருப்பார். தியேட்டர் ஆள் பெண்டாட்டி என்று பாஸில் போய் உட்கார வெட்கமாக இருக்கிறது என்பார். அண்ணன் இதைப் பற்றி எங்களிடம் வாயே திறந்ததில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளைச் சாத்திவிட்டு, "இன்னைக்கு மேட்னிக்குச் சேருதான் வந்திருந்திச்சு, ஆள் வரல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரரிடம், அண்ணன் சோற்றில் நாம் கை வைக்கிறோம் என்றேன். நாம் போடாவிட்டால் அடுத்த ஏரியாக்காரன் போடுவான், கனெக்‌ஷன் அத்தனையும் அங்கே போய்விடும் என்றார். அது பொய்யும் இல்லை. பொய்யாக இல்லாத பேச்சுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று எட்டாவது வரை சொல்லித் தரவில்லை.

இப்படி இருக்கும்போது அண்ணன் மகள் சமைந்தாள். சடங்கை ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். எங்களிடம் அப்போது புதிதாக ஒரு பெட்டி வந்திருந்தது, படத்துக்குக் கீழே எழுத்து ஓடவிடுகிற பெட்டி. அது வந்ததிலிருந்து தெருவில் எந்த விசேஷமானாலும் படத்துக்குக் கீழே வாழ்த்து ஓடியாக வேண்டும். காதுகுத்து, கல்யாணம், கடைத் திறப்பு எதுவானாலும் சரி. என்ன படம் ஓடுகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். தாய்மாமன் பெயர் வந்ததா என்றுதான் கேட்பார்கள். ஒரு பெயர் விட்டுப்போய் ஒரு மாமன் மொய் எழுதாமலே போன கதையும் உண்டு.

அண்ணன் மகள் சடங்கு, நாம் செய்ய வேண்டிய முறை என்று வீட்டுக்காரர் காலையிலேயே பெட்டியில் எழுத்தை ஏற்றிவிட்டார். பெண்ணின் பெயர், அப்பா அம்மா பெயர், தெருப் பெயர், மாமன்மார் வரிசை, கடைசியில் வாழ்த்தி மகிழும் எங்கள் கேபிளின் பெயர். வந்த விருந்தாட்களுக்குப் புதுப்படம் வேண்டும் என்று மதினியின் தம்பிமார் கேட்டார்கள். இருந்த புதுப்படம் அந்த வாரம்தான் அண்ணன் தியேட்டரில் வந்தது. மதியத்துக்கு மேல் அதைப் போட்டோம். அண்ணன் லீவு போட்டுவிட்டுப் பந்தியில் சாம்பார் வாளியோடு அலைந்துகொண்டிருந்தார். டிவி பக்கம் திரும்ப அவருக்கு நேரம் ஏது? படம் ஓடியது, அதற்குக் கீழே எங்கள் விலாசம் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருந்தது. ஒருத்தருக்குக்கூட, எனக்குக்கூட, அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. மாமன்மார் பெயர் எல்லாம் சரியாக வந்ததா என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

புதுப்படத்தோடு கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வருவார், வசூலைப் பார்க்க. ரெப் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஏன் இப்படிக் காய்கிறது என்ற யோசனையோடு அவர் லாட்ஜுக்குப் போயிருக்கிறார். அந்த லாட்ஜுக்கும் எங்கள் கனெக்‌ஷன்தான். முன் ஹாலில் டிவி ஓடுகிறது, மேலே அவருடைய படம், கீழே எங்கள் விலாசம். மனுஷர் சத்தம் போடவில்லை. ஸ்டூடியோவிலிருந்து போட்டோக்காரரைக் கூட்டி வந்து டிவியைப் படம் பிடித்துவிட்டு, நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

மறுநாள் போலீசுக்கு விசாரிக்கிற வேலையே இருக்கவில்லை. வாசலில் வந்து நின்ற இன்ஸ்பெக்டர் முதலில் கேட்டது, "சடங்கெல்லாம் நல்லா நடந்துச்சா?" என்பதுதான்.

டெக், கேசட், எழுத்துப் பெட்டி எல்லாவற்றையும் எங்கள் வீட்டு ஜமுக்காளத்திலேயே மூட்டை கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். அவரையும் ஏற்றினார்கள். அடுத்தவர் படத்தை அனுமதியில்லாமல் போட்டதற்குத் தனியாகச் சட்டம் இருக்கிறதாம். நிரூபணமானால் ஆறு மாதம் உள்ளே போக வேண்டியதுதான் என்று ஏட்டு என்னிடம் சொன்னார். இத்தனை வருஷமாக நான் பயந்தது இந்த ஆறு மாதத்துக்குத்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்த ராத்திரி ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டு மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே ஜாமீன் கேட்டோம். ஜாமீனுக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், சொந்தமாக வீடோ நிலமோ இருக்கிறவர்களாக. தேவதானத்திலிருந்து என் கூடப்பிறந்த அண்ணன் பட்டாவோடு வந்துவிட்டார். இன்னொரு ஆள் கிடைக்கவில்லை. வாராவாரம் எங்கள் வீட்டில் காப்பி குடித்தவர்களெல்லாம் போலீஸ் கேஸ் என்றதும் அன்றைக்குப் பார்த்து வெளியூர் போயிருந்தார்கள். கோர்ட் வராந்தாவில் நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், படியேறி வருகிறார் எதிர்வீட்டு அண்ணன். சட்டைப் பையில் வீட்டு வரி ரசீது நீட்டிக்கொண்டிருக்கிறது.

அவருக்குத் தியேட்டரில் என்ன ஆகியிருந்தது என்று எனக்குத் தெரியும். தியேட்டர் முதலாளி அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தார், உன் வீட்டு வாழ்த்து என் படத்துக்குக் கீழே ஓடுகிறது, அப்படியானால் படத்தை வெளியே கொடுத்தது யார் என்று. அண்ணன் சொன்னதை அவர் நம்பவில்லை. வேலையை விட்டு அனுப்பவும் மனமில்லை. கேஸ் முடிகிறவரை மெஷின் ரூமுக்குப் போகக் கூடாது, கீழே கேட்டில் நின்று டிக்கெட் கிழி என்று சொல்லிவிட்டார். இப்போது இவர் எங்களுக்கு ஜாமீன் போட்டால் அந்தச் சந்தேகம் உறுதியாகத்தானே செய்யும்?

"அண்ணே, வேண்டாம். ஒங்க மொதலாளி காதுக்குப் போனா..." என்றேன்.

"எம் மக பேரு ஓடுன எழுத்தாலதான அவன் மாட்டுனான். நான் வராம வேற எவன் வருவான்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ போயி மொத தண்ணியக் குடி" என்றார்.

அவர் போட்ட கையெழுத்தில் அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு வாய்தா வாய்தாவாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அலைந்தோம். விடிந்ததும் பஸ் ஏறுவோம். வன்னியம்பட்டி விலக்கு தாண்டியதுமே எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொள்வேன். கோர்ட்டில் பேரைக் கூப்பிடுகிறபோது காதில் விழாமல் போய்விட்டால் வாரண்டு போட்டுவிடுவார்களே என்று ஒண்ணுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருப்பேன். அய்யனார் கோவிலுக்கு நேர்ந்துகொண்டேன், ஆண்டாள் சந்நிதியில் வேண்டிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் ஒரே வேண்டுதல்தான், அந்த ஆறு மாதம் வேண்டாம்.

வக்கீல் தைரியம் சொன்னார். போட்டோவில் இருப்பது ஒரு டிவி, அவ்வளவுதான். வருஷக்கணக்கில் இழுத்தடிக்கலாம், கம்பெனிக்காரன் சலித்துப்போவான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொரு வழியும் சொன்னார். கேசட் தியேட்டர் ஆள் கொடுத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் பாரம் பாதி அங்கே இறங்கிவிடும். வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டாவது வழி வேண்டவே வேண்டாம், முதல் வழியிலேயே இழுங்கள் என்று நான் வக்கீலிடம் சொல்லிவிட்டு வந்தேன். இழுக்க இழுக்க அவர் என்னோடு வீட்டில் இருப்பார் அல்லவா? எனக்கு அது போதும் என்றிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் நானும் அவரும் கடைத்தெருவுக்குப் போனவர்கள் தியேட்டர் வழியாக வந்தோம். அண்ணன் கேட்டில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். உள்ளே திடீரென்று விசில், கூச்சல். திரையில் வெளிச்சம் மங்கிப்போயிருக்கும்போல. அண்ணன் தலை சட்டென்று மாடிப் பக்கம் நிமிர்ந்தது, படிக்கட்டில் ஒரு காலை வைத்தேவிட்டார். பிறகு காலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, நீட்டிக்கொண்டிருந்த கையிலிருந்து அடுத்த டிக்கெட்டை வாங்கிக் கிழித்தார். எங்களை அவர் பார்க்கவில்லை.

 வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது வீட்டுக்காரர் சொன்னார்: "நான் ஒத்துக்கிடப் போறேன்."

நான் அழுதேன், ஆறு மாதம் என்றேன், வக்கீல் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கேசு எம்புட்டு நாளு இழுக்கோ அம்புட்டு நாளும் அண்ணன் கேட்டுலதான் நிப்பாவ. கேசட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கோர்ட்டுல சொன்னாத்தான் அவிய மேல போக முடியும். யோசிச்சுப் பாரு, ஏட்டி."

யோசித்துப் பார்த்தேன். எப்படி யோசித்தாலும் அவர் சொன்னதுதான் வந்தது. இரண்டு கைலி, ஒரு துண்டு, சோப்பு எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்தேன். பெருங்காயப் பொடியும் வைத்தேன், ஜெயிலில் எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்குக் கோர்ட்டில் ரெப் இருந்தார், தியேட்டர் முதலாளி சாட்சிக்கு வந்திருந்தார், எதிர்வீட்டு அண்ணனும் வந்திருந்தார். வீட்டுக்காரர் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். கேசட் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தது, வாங்கினது நான், போடச் சொன்னது நான், தியேட்டரில் யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை, சடங்கு வீட்டுக்காரருக்கு என்ன படம் ஓடுகிறது என்றே தெரியாது என்றார். மாஜிஸ்திரேட் அந்தப் போட்டோவைக் கையில் எடுத்தார். டிவியைப் போட்டோ எடுத்தால் விழுமே, அந்தக் கறுப்புப் பட்டை குறுக்கே ஓட கதாநாயகன் முகம், அதற்குக் கீழே எங்கள் தெரு, எங்கள் கேபிள்.

"திருட்டுப் படத்துல சொந்த விலாசத்தை எதுக்குய்யா போட்டீங்க?" என்று கேட்டார்.

"அது சடங்கு வாழ்த்துங்கய்யா. பேரு போடாட்டா கோவிச்சுக்கிடுவாவ" என்றார் இவர்.

வக்கீல்மார் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. ஒரு படத்தில் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது, அதைக் கம்பி வழியாக எடுத்து விற்பது பூட்டை உடைத்து எடுப்பதற்குக் குறைந்ததில்லை, பலர் செய்வதால் அது குற்றம் இல்லாமல் போகாது என்று நிதானமாகச் சொன்னார். பிறகு முதல் குற்றம், ஒளிக்காமல் ஒத்துக்கொண்டது, அடுத்தவர் மேல் பழி போடாதது என்று காரணங்களைச் சொல்லி அபராதம் போட்டார். கூடவே, கோர்ட் கலையும் வரை சிறை என்றார்.

எனக்குச் சிறை என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வக்கீல் குனிந்து விளக்கினார். ஜெயிலுக்குப் போக வேண்டாம், இன்றைக்குக் கோர்ட் முடிந்து ஜட்ஜ் எழுந்து போகிறவரை உள்ளே அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் தண்டனை, அதோடு தீர்ந்தது.

தியேட்டர் முதலாளி வெளியே வந்தவர் அண்ணனிடம், "நாளையிலருந்து நீ மேல போ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அண்ணனும் அப்போதே பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. வளாகத்து வேப்ப மரத்தடியில் எனக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். மதினி கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியில் புளிச்சாதம் இருந்தது. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை, பயம் இன்னும் போகவில்லை.

"அண்ணே, ஒருவேள இன்னைக்கு ஜட்ஜையா எந்திரிக்காமலே இருந்துட்டா?"

அண்ணன் யோசித்துத்தான் பதில் சொன்னார். "அவருக்கும் வீடு வாசல் இருக்கும்லா, பிள்ள."

சாயங்காலம் ஜட்ஜ் எழுந்தார். வீட்டுக்காரர் படியில் இறங்கி வந்தார்.  அண்ணன் சட்டியை நீட்டி, மிச்சத்தைச் சாப்பிடு என்றார். அதை அவர் நின்றபடியே சாப்பிட்டார். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் ஊருக்கு வந்தோம், அந்தப் பை என் மடியிலேயே இருந்தது.

அதன் பிறகும் நாங்கள் கேபிள் நடத்தினோம், சேனல் மட்டும். பாதிக் கனெக்‌ஷன் அடுத்த ஏரியாக்காரனிடம் போனது, அவர் சொன்ன மாதிரியே. புதுப்படம் இல்லாத கேபிள் எதற்கு என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. மதினி மட்டும் கனெக்‌ஷனை வெட்டவில்லை, பால் பொங்கினாலும் இனி நிறுத்த முடியாது என்று தெரிந்தும். கெடுத்தவர்களிடம் இப்படி நடந்துகொள்ள அந்த வீட்டில் யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ, எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் ஒரு ராத்திரிகூட ஜெயிலில் படுக்கவில்லை. அதற்கு அந்த வரி ரசீதில் ஆரம்பித்து அந்தப் புளிச்சாதம் வரை காரணம் இருக்கிறது.

கோர்ட் முடிந்த மறுநாள் மேட்னிக்கு நாங்கள் தியேட்டருக்குப் போனோம். அண்ணன் பாஸ் வாங்கித் தருகிறேன் என்றதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார். கேட்டில் வேறு ஆள் நின்றார். பாதிப் படத்தில் திரை இருண்டது. ரீல் அறுந்திருக்கும். சுற்றிலும் விசில், ஆபரேட்டரைத் தூங்குகிறாயா என்று ஆளுக்கு ஆள் வைதார்கள். எனக்குப் பழைய ஞாபகத்தில், எந்த வீட்டிலோ பால் பொங்குகிறதுபோல என்று ஒரு நிமிஷம் தோன்றியது. திரும்பி மேலே பார்த்தேன். மெஷின் ரூம் சுவரில் இருந்த சின்னச் சதுர ஓட்டையில் ஒரு நிழல் அசைந்தது. பிறகு அதிலிருந்து வெளிச்சம் நீளமாக எங்கள் தலைக்கு மேலே வந்து விழுந்தது. இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்த ஓட்டையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அங்க என்ன பண்ணுத?" என்றார் வீட்டுக்காரர்.

ஒன்றுமில்லை, படத்தைப் பாருங்கள் என்றேன்.